மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

ரகுபதி விருதுநகரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதம். அவன் எழுதிய கணினி விளையாட்டை இன்று புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆடிப் பார்க்கிறது. அக்கம்பக்கத்தாரோடு வாழ்வதைச் சொல்லும் சமூகக் கல்விப் பாடம். பிள்ளைகளுக்குப் பிடித்தால்தான் பள்ளி எடுத்துக்கொள்ளும்; எடுத்துக்கொண்டால்தான் அவன் வேலை நிலைக்கும். காலையில் சிராங்கூன் சாலைக் காளியம்மனிடம், "தாயே, பிள்ளைங்க சிரிச்சா போதும்" என்று கேட்டுவிட்டு வந்திருந்தான்.

சிரிப்புக்குக் குறைவில்லை. சக்கர நாற்காலிக்காரருக்கு மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு முதல் கட்டத்தைத் தாண்டினார்கள். அடுத்தது உணவங்காடி நிலையம். மேசையைச் சுத்தம் செய்ய வேண்டும். தட்டும் கோப்பையும் நொடியில் போயின. அதோடு வகுப்பே நின்றுவிட்டது. மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மிச்சம். அதைக் குப்பையில் போட்டால்தான் அடுத்த கட்டம் திறக்கும். ஒரு பிள்ளையும் தொடவில்லை.

ரகுபதி எழுந்து வந்தான். "குப்பைதானேம்மா, எடுத்துப் போடு," என்றான் முன்வரிசையில் இருந்த சிறுமி இளமதியிடம்.

"ஐயோ அங்கிள், குப்பை இல்ல லா! யாரோ பாக்கெட்டை வச்சு இடம் பிடிச்சிட்டு சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க."

"கேம்தானே?"

"கேம்னா? அவங்களுக்குப் பசிக்காதா?"

ஆசிரியை உமாமகேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல், "தினமும் எங்க சார் சாப்பிடுறீங்க?" என்றார்.

"ஆபீஸ்லதான் மேடம். டப்பா சாப்பாடு."

"அதான பார்த்தேன்! உணவங்காடியில ஒரு நாள் சாப்பிட்டிருந்தா இது தெரிஞ்சிருக்கும்."

"தப்பு என்மேலதான்," என்று வகுப்பிடம் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். கால் மணி நேரத்தில் திருத்திவிட்டான். பாக்கெட்டை விட்டுவைத்தால், அதே சக்கர நாற்காலிக்காரர் மடியில் தட்டோடு அந்த மேசைக்கு வருவார். அவர் வந்ததும் வகுப்பு கைதட்டியது.

"அடுத்தவங்கள நெனைக்கணும்னு போர்டுல எத்தனை தடவை எழுதியிருப்பேன்," என்றார் உமாமகேஸ்வரி. "இன்னிக்கு இவங்களே செஞ்சு காட்டிட்டாங்க. திங்கக்கிழமை மத்த வகுப்புக்கும் கொண்டு வந்துடுங்க சார்."

மணி அடித்ததும் இளமதி தன் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். "வச்சிக்குங்க அங்கிள். இன்னிக்கு டப்பா வேணாம்."

தேக்கா சந்தை உணவங்காடியில் மதியக் கூட்டம் நெரிந்தது. ஒரு காலி மேசையில் பாக்கெட்டை வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வரிசையில் நின்றான். தோசைத் தட்டோடு வந்தபோது அது அங்கேயே இருந்தது. முன்பின் தெரியாத இத்தனை பேர் அவனுக்காக அந்த இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். அம்மனை ஒருமுறை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.