சட்டிக்கு எத்தனை பாயிண்ட்?

இரண்டே தீக்குச்சிகளை வைத்து நான்கு குடும்பங்களை இருட்டில் தள்ளியவன் நான். அதுவும் வெள்ளிக்கிழமை, வீட்டுக்கார அண்ணன் ஹரிராம் வீட்டு டிவியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது. காம்பவுண்டே அவர் ஹாலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. என்னைத் தவிர.

நான் எங்கள் போர்ஷனில், சிங்கப்பூரிலிருந்து வந்த கரண்டுச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிளக்கில் தடித்த சதுரக் கம்பிகள். நம்மூர் ஓட்டைக்குள் போக மறுத்தன. பிளக்கை வெட்டி எறிந்து, வயரைச் சுரண்டிச் செருகி, கழன்று வராமல் தீக்குச்சிகளால் அடைத்தேன். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ரேடியோ கேட்கிறார்கள். சுரண்டிய வயர்கள் ஒன்றையொன்று தொடாமலும் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. டப்பென்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. தெப்பக்குளத்துப் பக்கத்துத் தவளைகள் மட்டும் தொடர்ந்து பாடின.

"மாப்ள, என்ன செஞ்ச?" பக்கத்துப் போர்ஷன் விருமாண்டியின் குரல். டவுன் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் பேசுகிற சத்தத்திலேதான் வீட்டிலும் பேசுவான்.

"நான் ஒண்ணும் செய்யலப்பா. வெளிநாட்டுச் சாமான். கரண்டு கூட இழுக்குது போல" என்றேன்.

வாயால் கெடுவது எனக்குப் புதிதல்ல. அன்று சட்டியையும் சேர்த்துக் கெடுத்தேன். மறுநாள் ஒழுங்கான பிளக் மாட்டி, பியூஸ் கட்டி, எல்லாம் சரியான பிறகும் அந்தப் பேச்சு மட்டும் சரியாகவில்லை. முத்திருளன் வீட்டுச் சட்டி, அதாவது என் வீட்டுச் சட்டி, கரண்டைக் குடிக்கும் சட்டி என்று பேராகிவிட்டது.

சட்டியை அனுப்பியவன் என் மச்சினன் தவசி. சிங்கப்பூரில் கட்டட வேலை. பார்சல் வருகிறது என்றதும் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் என்று நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். பிரித்தால், கண்ணாடி மூடி போட்ட ஒரு பீங்கான் சட்டி. அதைச் சுற்றி ஒரு தகர உறை, ஒரு வயர். கொண்டுவந்த ஆள், சுங்கத்தில் பழைய சாமான் என்று காட்டுவதற்காக அடியிலிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார். எவ்வளவு கரண்டு தின்னும் என்பது அந்த லேபிளோடு போனது.

என் மனைவி அன்னக்கொடிக்கு வாடிப்பட்டி தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர் வேலை. தெப்பக்குளத்தில் ஒரு பஸ், ஆரப்பாளையத்தில் இன்னொரு பஸ். அதற்காக விடியுமுன் எழுந்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி தூண்டி, குழம்பும் சோறும் பொங்கி, கண்ணெரிச்சலோடு ஓடுவாள். கேஸுக்கு எழுதிவைத்துக் காத்திருந்தோம். ரேஷன் மண்ணெண்ணெயோ மாதம் முடியுமுன் தீர்ந்துவிடும்.

சட்டி வந்த பிறகு, படுக்கப் போகுமுன் மொச்சையையோ கொண்டைக்கடலையையோ தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டு மூடி, சுவிட்சைப் போட்டுவிடுவாள். கிண்ட வேண்டாம், அடி பிடிக்குமே என்று எட்டிப் பார்க்க வேண்டாம். காலையில் பஞ்சாக வெந்திருக்கும். புளியை மட்டும் அப்போது கரைத்து ஊற்றுவாள். முதலிலேயே ஊற்றினால் மொச்சை வேகாதாம். சோறு மட்டும்தான் ஸ்டவ்வில். மண்ணெண்ணெய் மாதக் கடைசிவரை வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவள் காலையில் பேசுகிறவள் என்பதே கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சில நாள் பாடவும் செய்தாள். சுமாராகத்தான் பாடினாள். நான் சொல்லவில்லை.

சிக்கல், காம்பவுண்டுக்கு ஒரே மீட்டர். பில்லை ஹரிராம் அண்ணன் பாயிண்ட் கணக்கில் பிரிப்பார். குண்டு பல்பு ஒரு பாயிண்ட். ஃபேன் இரண்டு. ரேடியோ அரை. இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. இதில் சட்டி எங்கே சேரும்?

"அண்ணே, சட்டிக்கு எத்தனை பாயிண்ட் போடணும்?" என்று கேட்டேன்.

"பார்ப்போம் சார்" என்றார்.

மறுவாரமும் கேட்டேன். "அவசரமென்ன சார், பார்ப்போம்."

எலக்ட்ரிக் கடைக்காரரிடம் கேட்டேன். "அது ஐட்டத்தைப் பொறுத்தது" என்றார். மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். "வோல்டேஜைப் பொறுத்தது" என்றார். தவசிக்குக் கடிதம் போட்டேன். இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று பதில் எழுதினான். நான் எதைக் கேட்டேன், இவன் எதைச் சொல்கிறான் என்று அவன் அக்காள் அன்னக்கொடியிடம் முறையிட்டேன். "நீங்க டூ-இன்-ஒன் வராத கோவத்துல எழுதியிருப்பீங்க" என்றாள்.

வீட்டுக்காரரை மசியவைக்க மொச்சைக் குழம்பை ஒரு கிண்ணம் அனுப்பினோம். அவருக்குப் பல் சரியில்லை. பஞ்சாக வெந்த மொச்சை பிடித்துப்போயிற்று. அவர் மனைவி கனகலட்சுமி அக்கா கிண்ணத்தைக் கழுவி, கொஞ்சம் சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத் திருப்பிக் கொடுப்பார். கிண்ணம் தவறாமல் வந்தது. பதில் வரவில்லை.

பதிலுக்குப் பில் வந்தது. எப்போதும் இல்லாத அளவு.

"பாத்தியா மாப்ள, உன் சட்டி குடிச்ச குடிய" என்றான் விருமாண்டி. "ஊரான் காசுல மொச்ச அவிக்கிற. டிக்கெட் எடுக்காம ஏறுன ஆளக்கூட நான் இறக்கிவிட்ருவேன்."

"வெயில் காலம்ப்பா. ஃபேன் ஓடியிருக்கும்ல."

"என் ஃபேன் போன வெயிலுக்கும் ஓடுச்சு. சட்டி இப்பத்தான வந்துச்சு."

ஹரிராம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சட்டிய ஒரு மாசம் நிறுத்தி வச்சா நல்லது சார். அப்புறம் பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் அன்னக்கொடி அமைதியாகச் சொன்னாள்: "நிறுத்தச் சொன்னா நிறுத்திருவோம். ஆனா மறுபடி நாலு மணிக்கு எந்திரிக்க என்னால ஆகாதுங்க. எங்க ஸ்கூல் சின்னத்தாய் டீச்சர் வாடிப்பட்டியில ரூம் எடுத்திருக்கு. நானும் சேந்துக்கிறேன். சனிக்கிழம சனிக்கிழம வாரேன்."

"அப்ப நான்?"

"நீங்க தீக்குச்சி வச்சு ஏதாவது செஞ்சுக்கங்க."

சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அவள் பையை எடுத்து உதறிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே எல்லாரையும் மீட்டர் முன்னால் கூட்டினேன். திட்டம் எளிது. காம்பவுண்டில் எல்லாவற்றையும் அணைப்பது. சட்டியை மட்டும் போடுவது. மீட்டருக்குள் இருக்கும் வட்டத் தகடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதென்று பார்ப்பது.

"இன்னைக்கு எதுக்கு சார்? நாள் சரியில்ல" என்றார் ஹரிராம் அண்ணன்.

"சட்டிக்கு என்னண்ணே நல்ல நாளு" என்றான் விருமாண்டி.

எல்லாரும் அணைத்தார்கள். அன்னக்கொடி உள்ளே போய்ச் சட்டியைப் போட்டாள். நான் மீட்டரைப் பார்த்தேன். தகடு பம்பரமாகச் சுற்றியது.

விருமாண்டி டிக்கெட் கேட்கிற மாதிரி என் முன்னால் கையை நீட்டினான்.

"சட்டிய நிறுத்து" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். சுவிட்ச் சத்தம் கேட்டது. தகடு அதே வேகத்தில் சுற்றியது.

ஹரிராம் அண்ணன் நகர்ந்தார். "இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வாரேன்."

"உங்க நெத்தியிலதான் இருக்குண்ணே" என்று விருமாண்டி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு அடியில் ஒரு புது வயர் போயிருந்தது. கதவின் மேல் இடைவெளியில் ஆவி. வெந்நீர் போடும் ராடு. இஸ்திரிப் பெட்டியே கூடாத காம்பவுண்டில், பக்கெட்டுக்குள் ராடு. சட்டிக்குப் பாயிண்ட் சொன்னால் அதற்கும் சொல்ல வேண்டியிருக்கும். 'பார்ப்போம்' என்பதன் அர்த்தம் ஒருவழியாகப் புரிந்தது.

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாலிபத்தில் குழித்தறியில் கால் மாற்றி மாற்றி மிதித்த மனிதர்; நூல் வியாபாரத்துக்கு மாறிய பிறகும் முழங்கால்கள் தறியை விடவில்லை. படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நிற்பார். வெந்நீர் எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்தார்.

"மீட்டர் பழசு" என்றேன். "சும்மாவே சுத்துது. இத நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது."

வாசலுக்கு வந்திருந்த அன்னக்கொடி என்னைப் பார்த்த பார்வை வாடிப்பட்டி பஸ்ஸில் பாதி ஏறியிருந்தது.

"அப்ப சட்டி கணக்கு?" என்றான் விருமாண்டி.

நான் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. சட்டிய வச்சிருக்கவா வேண்டாமா? எத்தன பாயிண்ட்?"

அவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து சார்... பார்ப்போம்."

குளியலறைக் கதவு திறந்தது. கனகலட்சுமி அக்கா முதலில் கணவரிடம் அவர்கள் வீட்டு பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தாலும் முழுதாகப் புரிந்தது. கையில் ராடு, நுனியில் தண்ணீர் சொட்டியது.

"மீட்டரப் பாருங்க தம்பி" என்றார் என்னிடம்.

தகடு நின்றிருந்தது.

"அன்னம், இப்ப சட்டியப் போடு" என்றார் அக்கா.

தகடு யோசித்து, யோசித்து, திருவிழா முடிந்து வீடு திரும்புகிற மாடு மாதிரி நகர ஆரம்பித்தது. அக்கா எங்கள் போர்ஷனுக்குள் எட்டிச் சட்டியை நிறுத்தி, நடுவில் தொங்கும் நூறு வாட் குண்டு பல்பைப் போட்டார். தகடு அதே நடையில் நகர்ந்தது.

விருமாண்டி தலையைச் சொறிந்துகொண்டான். ஹரிராம் அண்ணன் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"சட்டிக்கு ஒரு பாயிண்ட்டு" என்றார் கனகலட்சுமி அக்கா. "ராப்பகலா போடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. இவர் முழங்காலுக்கு நாலு பாயிண்ட்டு. அத நாங்க குடுக்கிறோம்."