யாரும் டீ குடிக்கப் போகவில்லை

எங்கள் கம்பெனி தண்ணீர் மோட்டார் செய்கிறது. 'எங்கள்' என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, பங்குதாரன். ஒரு சட்டைப் பொத்தான் வாங்கவே இரண்டு பங்கு விற்க வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். நான் தையல்காரன், எனக்குப் பொத்தான் கணக்குதான் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு நானாக வாங்கினேன். அக்காவின் கதை அப்படியில்லை. அவள் வேலை பார்த்த, மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பிரிவை மூடியபோது, அத்தனை வருட உழைப்புக்கும் பணத்துக்குப் பதில் பங்குகளைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். அதைவிட்டால் அவளுக்கு வேறு சேமிப்பு கிடையாது.

அன்றைய ஆண்டுக் கூட்டத்தில் ஒரே கேள்வி: எம்.டி. இன்னும் ஐந்து வருடம் நீடிப்பதா? நீடித்தால் மிச்சமிருக்கும் ஷெட்டையும் விற்றுவிட்டுத்தான் ஓய்வார். தன் பங்குகளைப் போன வருடமே சத்தமில்லாமல் விற்றுவிட்டார் மனிதர். கம்பெனி மேல் அவ்வளவு நம்பிக்கை. முன்வரிசைச் சொந்தக்காரர்களும் ஆபீஸ் ஆட்களும் தூக்கும் கைகள்தான் இப்போது அவருக்குப் பலம்.

எங்களிடம் ஓட்டு என்றால் கை தூக்குவதுதான், பங்கு எத்தனையானாலும் ஆளுக்கு ஒரு கை. அதற்குச் சற்று முன் பக்கத்து அறைக் கதவு திறக்கும், டீ ரெடி என்பார்கள். பங்கில் விட்டதைப் பலகாரத்தில் பிடிக்க நாங்கள் பாய்வோம். மென்றுகொண்டே திரும்பி வந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்கும். வருடா வருடம் இதே கூத்து. இந்த முறை அக்கா வீடு வீடாகப் போய் எல்லாரையும் எச்சரித்திருந்தாள். என்னை மட்டும் இரண்டு தடவை.

கதவு திறந்தது. வாசனை வந்தது. ஒருவரும் எழவில்லை.

டீ ஆறிவிடும் என்றார் எம்.டி. ஆறட்டும் என்றார் எங்கள் பக்கத்து ரிட்டையர்டு வாத்தியார். அப்படியானால் அறிக்கையை இன்னொரு முறை வாசிக்கிறேன் என்று எம்.டி. ஆரம்பித்தார். நஷ்டத்துக்கு மழை காரணம், வெயில் காரணம், பழைய மேனேஜர் காரணம். பழைய மேனேஜர் அவருடைய மைத்துனர்தான். யாரோ சிரித்தார்கள், அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். நான் தலைகளை எண்ணினேன். எங்களுக்கு ஒரே ஒரு கைதான் அதிகம். சமமாகிவிட்டால் தலைவர் என்ற முறையில் அவர் ஓட்டே முடிவு. என் பசி போய்விட்டது.

அவர் கையிலிருந்த தாள் நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை. வார்த்தை குழறியது. முன்வரிசை எங்களையே முறைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"அந்தாளுக்கு சுகர் எறங்குதுடா," என்றாள் அக்கா மெல்ல. "உங்க மாமாவுக்கும் இப்படித்தான் வரும்."

அளவெடுக்கும்போது குழந்தைகள் ஆடாமல் நிற்பதற்காக நான் பையில் மிட்டாய் வைத்திருப்பேன். அக்காவைப் பார்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கொடு என்று தலையசைத்தாள்.

மேடை ஏறிக் கொடுத்தேன். விஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். முகம் தெளிந்ததோ இல்லையோ, மைக்கை இழுத்தார். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். செயலாளர் எண்ணி முடித்தார். எதிர்க்கிறவர்கள் என்றதும் நானும் நின்ற இடத்திலேயே தூக்கினேன்.

"மேடையில நிக்கிறவங்க கணக்குல வராது," என்றார் எம்.டி. "கீழ போய் உக்காருங்க."

செயலாளரின் விரல் கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தது. நான் இறங்குவதற்குள் எண்ணி முடிந்துவிடும்.

அக்கா எழுந்தாள். "மிட்டாய் குடுத்தப்ப கணக்குல இருந்தான், ஓட்டுப் போடறப்ப இல்லையா? எறங்காதடா."

"எறங்க மாட்டேன் சார்," என்றேன். சிங்கமாகச் சொல்ல நினைத்தேன். ஊசி விழுந்த மாதிரிதான் வந்தது.

செயலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது. எம்.டி. மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார். வெட்கமா, களைப்பா, தெரியவில்லை.

"எண்ணுங்க," என்றார்.

கடைசியாக என்னை எண்ணினார்கள். தீர்மானம் தோற்றது. அரங்கத்தில் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றேன். அவள் கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

"ஜெயிச்சாச்சுக்கா, கைய எறக்கு."

"எழுதட்டும்டா," என்றாள், செயலாளரின் பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.