அட்டை மறைத்த கொலைகாரன்

எங்கள் சபைச் செயலாளர் சஜன் அண்ணனிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பாரிஷ் ஹாலில் எந்தப் படம் போட்டாலும் புரொஜெக்டர் பக்கத்தில் ஒரு அட்டையோடு நிற்பார். ஆட்டம், குடி, கட்டிப்பிடித்தல், எது வந்தாலும் லென்சை அட்டையால் மறைத்து, சத்தத்தையும் நிறுத்திவிடுவார். அவருடைய அப்பாவும் இதையேதான் செய்தார். பாறசாலைக்காரர்கள் நாங்கள் இதையும் ஒரு ஆராதனை முறை மாதிரி சகித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று போட்டது ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். கதை முழுக்க ஒரு நாடகக் கொட்டகைக்குள்ளேயே நடக்கும். விஷம் குடிப்பதாக நடிக்கும் கதாநாயகி மேடையில் நிஜமாகவே செத்து விழுகிறாள், சனங்கள் கைதட்டுகிறார்கள். துப்பறிபவர் கதவுகளை அடைக்கச் சொல்லிவிட்டு, ஆர்மோனியக்காரர், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர், கொட்டகை முதலாளி என்று ஒவ்வொருவராய் விசாரிக்கிறார்.

என் அப்பா ராஜதாஸ் இதை வாலிப வயதில் நெய்யாற்றின்கரை தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார். படம் முடியப் போகும் நேரத்தில் எங்கள் சபையின் அன்றைய உபதேசியார் உள்ளே வந்து, சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். சினிமா பார்த்த பாவத்துக்கு ஒரு வருடம் திருவிருந்து அப்பம் கிடையாது என்று சபை விலக்கி வைத்தது. கொலைகாரன் யாரென்று அப்பாவுக்குத் தெரியாமலே போனது. ஆர்மோனியக்காரன்தான் என்று இத்தனை காலமும் சாதித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு நான் நெட்டில் தேடி அந்தப் படத்தை எடுத்தேன்.

"போன்ல எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா. நம்ம ஹால்ல பெரிசாட்டுப் போட்டா பாக்கலாம்," என்றார்.

வாலிபர் சங்கத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு சாயங்காலத்தை வாங்கினேன். அவரோடு சேர்ந்துதான் பார்ப்பது என்று, முடிவை நானும் பார்க்காமல் வைத்திருந்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. துப்பறிபவர் அதே நாடகத்தை அதே ஆட்களை வைத்துத் திரும்ப நடத்தச் சொல்கிறார். ஆட்டக்காரி சலங்கையோடு மேடைக்கு வந்தாள். சஜன் அண்ணன் அட்டையை நீட்டினார். சத்தமும் நின்றது. அவர் ஒரு வழியாக அட்டையை எடுத்தபோது, முகத்தைத் துண்டால் மூடிய யாரையோ போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. 'வணக்கம்' போட்டுவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக சஜன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, பின்னால தள்ளிப் போடுங்க. கொலகாரன் யாருன்னே தெரியல."

"அதுல ஆட்டம் உண்டு ஜிஜா. இது சபை ஹாலாக்கும்."

"அன்னைக்கு காலரப் பிடிச்சு இழுத்தாங்க. இன்னைக்கு நீங்க அட்டயப் பிடிக்கீங்க. வெக்கமா இல்லியா?"

"ஒரு கெழவனுக்காக சபை ஒழுங்க மாத்த முடியாது."

கிழவனாம். அட்டையைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன். அப்பா குறுக்கே பேசினார்.

"அட்டய விடு மக்கா. எலே சஜன், படத்த மூடினா மூடு. சத்தத்த எதுக்குலே நிறுத்தின?"

திரும்பிப் பார்த்தேன். படம் தெரிகிற சுவர் ஒரு பக்கம் இருக்க, அவர் முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. பக்கத்தில் போய்க் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். கண் அசையவில்லை.

"எப்ப இருந்துப்பா?"

"ஈஸ்டருக்கு முன்னாலயே போச்சு."

அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. "அப்ப வீட்ல இருந்தே கேட்டிருக்கலாம்லா. எதுக்கு இங்க வந்து இந்தப் பாடு?"

"என்னய வெலக்கி வச்ச சபையாக்கும் மக்கா. இவங்க முன்னால இருந்துதான் கேக்கணும்."

அதற்கு மேல் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. லேப்டாப்பில் படத்தைப் பின்னால் தள்ளி, சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். நடப்பதையெல்லாம் சொன்னேன். சஜன் அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன்.

"ஆட்டக்காரி இடுப்ப வளைக்காப்பா. கண்ணடிக்கா. இப்ப துப்பறியவரு வாறாரு. விஷம் இருந்த டம்ளரக் கழுவியாச்சு, வெறும் தண்ணிதான்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நீட்டி, குடின்னு சொல்லுகாரு. எல்லாரும் நம்பிக் குடிக்காங்க. வசனம் எடுத்துக் குடுக்கவன் மட்டும் குடிக்க மாட்டேங்கான். ஓடப் பாக்கான். பிடிச்சாச்சுப்பா. அவன்தான்."

"ஆர்மோனியக்காரன் இல்லியா?"

"இல்லப்பா."

அப்பா கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப முதல்ல இருந்து போடு மக்கா. ஒருத்தனும் எழும்பாண்டாம்."

பின்னால் சஜன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"நீயும் இரிலே," என்றார் அப்பா.