வாடகை மச்சானும் ரெண்டு கரண்டிச் சூடும்

எங்க ஊர் கடல்ல முங்கணும்னா உடம்புச் சூட்டைக் கழட்டி மச்சான் கையில குடுத்துட்டுத்தான் முங்கணும். கடல் அவ்வளவு குளிரு. சூட்டோட இறங்குனா அதுக்குக் காய்ச்சல் வந்துரும். போன ஆனி மாசம் ஒருத்தர் அக்குள்ல கொஞ்சம் சூட்டை ஒளிச்சு வச்சுக்கிட்டு இறங்கிட்டாரு. மூணு நாள் கடல் அனத்திக்கிட்டே கெடந்துச்சு. வேலைக்குப் போனவன் எவனும் வலை வீசல. காய்ச்சல்ல கெடக்குறதைப் போய் எப்படித் தொந்தரவு பண்ணுறது? அதுல இருந்து அக்குளைச் சோதிச்சுத்தான் விடுதோம்.

மச்சான் கையில ஏன் குடுக்கணும்னா, பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் அதைக் கீழ வைக்க மாட்டான். தங்கச்சி தாலி அதுலதான இருக்கு. முத்துக் குளிச்ச காலத்துலயே கயித்தை மச்சான்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் கையில குடுத்தா, பங்கு வீட்டை நெனச்சு லேசா கண் அசந்துருவான்.

வெளியூர்ல இருந்து வாரவங்க எல்லாத்தையும் கொண்டு வருவாங்க. கூலிங் கிளாஸ், வெயிலுக்குப் பூசுற களிம்பு, தண்ணிக்குள்ள போட்டோ எடுக்குற போன், எல்லாம் இருக்கும். மச்சானை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வந்துருவாங்க. அவங்களுக்காக நான் இருக்கேன். பேரு கஸ்பார். வாடகை மச்சான். இதுவரைக்கும் எனக்கு நானூத்திப் பன்னெண்டு தங்கச்சி. கிறிஸ்மஸுக்கு ஒருத்தியும் போன் போட மாட்டா.

செவ்வாக்கெழமை காலையில குழந்தைவேலுன்னு ஒருத்தர் வந்தாரு. திருப்பூர்ல பனியன் கம்பெனி மேனேஜரு. நாலு வருசமா கடலுக்கடியில முங்குற வீடியோ பாக்காராம், அதனால எல்லாம் தெரியுமாம். கூட அவர் பொண்டாட்டி பூங்கொடி. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம். அதையும் அவரே சொன்னாரு.

"ஏனுங்க, குளிரு எப்படீங்க இருக்கும்?"

"சொல்லுதேன் கேட்டுக்கங்க சார். மொதல்ல ரப்பர் உடுப்பு. தோசைக்கல்லு மாதிரி கனமா இருக்கும். மூணு பேரு பிடிச்சு உங்களை உள்ள திணிப்பாங்க. பாதியில அழுகை வரும், எல்லாருக்கும் வாரதுதான். ரப்பர் மிதக்கும், அதனால இடுப்புல ஈயக்கட்டி கூடுதலாக் கட்டணும். முகம் தண்ணியில பட்டதும் நெத்தியில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு நிமிசத்துல உதடு நீங்க சொன்னதைக் கேக்காது."

பூங்கொடி அப்பத்தான் நிமிந்து பாத்தாங்க. "அப்ப பேச முடியாதுங்களா?"

"வாயில காத்துக் குழாய் இருக்கும்மா. ஒரு வார்த்தை வராது."

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

"இருவது நிமிசம்."

"அவ்வளவுதானுங்களா."

அதுக்குக் குழந்தைவேலு ஒரு சத்தம் போட்டாரு. பூங்கொடி பையை மணல்ல வச்சதுக்கு ஒரு சத்தம். பையை எடுத்ததுக்கு ஒரு சத்தம். என் கடைக்குள்ள தொங்குன உடுப்பெல்லாம் சுவரோட ஒட்டிக்கிச்சு.

நானும் பூங்கொடியும் ஒரு கோலி சோடாவைப் பாதிப் பாதி குடிச்சோம். அண்ணன் தங்கச்சி ஆயிட்டோம். அப்புறம் மாப்ளயோட பிடரியில இருக்குற கொக்கியை அவுத்து சூட்டை வாளியில பிடிச்சேன். சில ஆளுக்கு ஒரு டம்ளர்தான் இருக்கும். இவருக்கு எவர்சில்வர் தூக்குவாளி நிறைஞ்சு, மூடி ஆடுச்சு.

"தங்கச்சி, இதைக் கவனமாக் கேட்டுக்க. மேல வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள இது பூராத்தையும் அவரு உச்சந்தலையில ஊத்திரணும். தாண்டுனா ஆளு கடலுக்கு."

"சரீங்கண்ணா."

மாப்ள இறங்கிட்டாரு. நான் வாளியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். பூங்கொடி பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"அண்ணா, எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க. பதினேழு வருசமாச் சொல்றதுக்கு ஆளில்லீங்க."

"சொல்லு தாயி. அதுக்குத்தான இருக்கேன்."

"சாம்பார்ல உப்புக் கொறஞ்சா ஒரு கத்துங்க. கூடுனா ஒரு கத்துங்க. சரியா இருந்தா, இன்னைக்கு மட்டும் எப்படிடி சரியா வந்துச்சுன்னு ஒரு கத்துங்க."

வாடகை அண்ணன்னாலும் ரத்தம் கொதிக்கத்தான செய்யும். வாளியை இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்.

இருவது நிமிசம் கழிச்சு மாப்ள மேல வந்தாரு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு. பல்லு தந்தி அடிச்சுச்சு. உடுப்பை உரிச்சு ஸ்டூல்ல உக்கார வச்சோம்.

"என்ன பாத்தீரு மாப்ள?"

"பச்சைத் தண்ணிங்க. என் கையவே காணமுங்க. ஒரு நண்டு என்னையப் பாத்து நின்னுச்சுங்க. நானும் நின்னேனுங்க. அது மொதல்ல போகட்டும்னு விட்டுட்டேனுங்க." சொல்லிட்டுப் பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்தாரு. "பூங்கொடி, சாப்பிட்டியா கண்ணு?"

பூங்கொடி தனக்குப் பின்னாடி யாரும் நிக்காங்களான்னு பாத்துச்சு. யாருமில்ல.

"என்னையவாங்க கேக்கறீங்க?"

"வெயில்ல நிக்கிறியே. இங்க வந்து உக்காரு."

தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போச்சு. "அண்ணா, இப்படியே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

"முடியாது தாயி. நேரம் ஆச்சுன்னா கடல் கூப்பிடும். இவரும் இப்ப இருக்குற கொணத்துக்கு, வரேனுங்கன்னு எந்திரிச்சுப் போயிருவாரு."

"இன்னும் எவ்வளவு நேரமுங்க இருக்குது?"

"அம்பது நிமிசம்."

அந்த அம்பது நிமிசத்தையும் அது வீணாக்கல. புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சுக் குடுத்துச்சு. புளி நல்லாப் பிடிச்சிருக்குது கண்ணுன்னாரு. கல்யாணத்துக்கு எடுத்த சேலை என்ன கலருன்னு கேட்டுச்சு. மாம்பழக் கலரு, இடது தோள்ல ஒரு நூல் பிரிஞ்சிருந்துச்சு, அன்னைக்கே சொல்ல நெனச்சு வெக்கப்பட்டுட்டேன்னாரு. தங்கச்சி அழுதுக்கிட்டே அப்பளம் தின்னுச்சு.

கடல் ஒவ்வொரு அடியா நகந்து வந்துக்கிட்டிருந்துச்சு. மொதல்ல ஸ்டூல் கால்கிட்ட. அப்புறம் அவரு கணுக்கால்ல. முட்டிக்கு வந்ததும், "கூப்பிடறாங்க கண்ணு, என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்"னு மாப்ள எந்திரிச்சாரு.

பூங்கொடி அவரு பனியனை ஒரு கையால பிடிச்சுக்கிச்சு. இன்னொரு கையை என்கிட்ட நீட்டுச்சு. "கரண்டி குடுங்கண்ணா."

மொதக் கரண்டியில உதடு செவந்துச்சு. ரெண்டாவதுல பல்லு நின்னுச்சு. நாலாவதுல விரலு மடங்குச்சு. ஏழாவதுல கம்பெனி ஞாபகம் வந்து போனைத் தேடுனாரு. ஒம்பதாவது கரண்டியில, "ஏன்டி"ன்னு ஆரம்பிச்சாரு.

தங்கச்சி கரண்டியைக் கீழ வச்சுட்டுச்சு. "போதுங்கண்ணா."

"இன்னும் ரெண்டு கரண்டி கெடக்கு தாயி. மிச்சம் வச்சா அந்த அளவுக்கு மாப்ள தன்னோட பங்குன்னு கடல் கேக்கும்."

"கேக்கட்டுமுங்க. திருப்பூருக்கா வரப்போகுது?"

முறைப்படி நான் வாளியைப் பிடுங்கி ஊத்திருக்கணும். நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்த வச்சவன். தங்கச்சி மூஞ்சியைப் பாத்தேன். மூடியைப் போட்டு அழுத்துனேன்.

மாப்ள, "ஏன்டி"க்கு அப்புறம் என்ன சொல்ல வந்தோம்னு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஏன்டி, நீ முன் சீட்டுல உக்காந்துக்கறியா"ன்னு முடிச்சாரு. இடது காது மட்டும் நீலமா இருந்துச்சு. பையை அவரே தூக்கிக்கிட்டாரு. கார் போயிருச்சு.

பதினோரு மணிக்குக் கடல் எந்திரிச்சு, மணலைத் தட்டி விட்டுட்டுக் கடை வாசலுக்கு வந்துச்சு. திருப்பூருக்கு எப்பப் பஸ்ஸுன்னு கேட்டுச்சு.

"பதினொண்ணே முக்காலுக்கு. மதுரையில மாறணும்."

கண்டக்டர் உள்ள இடமில்ல, மேல போன்னுட்டான். கடல் ஏணியில ஏறி லக்கேஜோட லக்கேஜா மேல படுத்துக்கிச்சு. வியாழக்கெழமை வந்துருதேன், பிள்ளைகளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

மீனையெல்லாம் பள்ளிக்கூடத்துல உக்கார வச்சுருக்கோம். ரெண்டாம் பீரியடு நடக்குது. சுறா மட்டும் லேட்டா வந்துச்சு. வாசல்ல முட்டி போட வச்சுருக்காங்க.