டெல்லாவின் இடப்பக்கம்

டெல்லாவுக்கு நாலு மாதம்கூட நிறையவில்லை. ஆனாலும் அப்பாவைப் பார்ப்பதில்லை என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள். டெரெக்குக்கு அப்படித்தான் பட்டது.

பிறந்ததிலிருந்தே குழந்தைக்குக் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுக்கம். முகம் எப்போதும் வலப்பக்கமே திரும்பிக் கிடக்கும். அப்படியே கிடந்து கிடந்து பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் உட்கார்ந்து பேசு, பாடு, அவளாகத் திரும்பட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் லோரெய்ன் சொல்லியிருந்தார். இன்று அவர் வருகிறார். முன்னேற்றம் இல்லாவிட்டால் சஸ்கட்டூன் நகரத்துக்குக் கொண்டுபோய், மண்டையைச் சீராக்கும் ஹெல்மெட் மாட்டவேண்டியதுதான்.

மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டப் போனதும் டெரெக் வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தான். சாவிக்கொத்தை ஆட்டினான். ஹாக்கி வர்ணனை சொன்னான். அந்தச் சின்னப் பின்மண்டைதான் அவனுக்குப் பதில் சொன்னது.

லோரெய்ன் வாசலில் பனியை உதறிவிட்டு வந்து, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டார்.

"என்னடா, மூஞ்சி தொங்குது?"

"அவளுக்கு என்னைப் பிடிக்கல லோரெய்ன். கழுத்தை நீவி அழவைக்கிறவன்னு நெனைச்சுட்டா."

"உன் முழங்காலுக்கு நான்தானே வைத்தியம் பார்த்தேன்? ஹாக்கி வீரன்னு பேரு, இவளவிட அதிகமா ஊளையிட்ட. என்னை வெறுத்தியா?"

"கொஞ்சம்."

"போடா."

அவர் பாயில் டெல்லாவுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தார். குழந்தை பார்க்கும் பக்கம் தானும் தலையைத் திருப்பினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீயும் வந்து படு. உன் எதிரி யாருன்னு பாரு."

டெரெக் படுத்துப் பார்த்தான். சுவரோரம், ஹீட்டரின் சூட்டுக்காற்று வரும் இடத்தில், பார்லி கிடந்தது. வீட்டுக் கிழட்டு நாய். வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. டெல்லா கண்ணை அகல விரித்துக் காலை உதைத்தாள்.

"தசை இறுக்கம் நெசந்தான். ஆனா இந்த அழகனை விட்டுட்டு உன் சாவியை எதுக்குப் பார்க்கணும்?"

பார்லியை இழுத்துப் பார்த்தார்கள். அது அந்தச் சூட்டை விட்டு நகருமா? சரியென்று குழந்தையைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டார்கள். இப்போது நாய் அவளுக்கு இடப்பக்கம். டெல்லா பழக்கத்தில் வலப்பக்கமே தேடினாள், காணவில்லை, வீறிட்டாள். அழுகை கேட்டதும் பார்லி முனகிக்கொண்டு எழுந்தது. அவளைச் சுற்றி வந்து, அவளுக்கு வசதியான வலப்பக்கத்திலேயே பொத்தென்று படுத்தது.

"அடப்பாவி! இத்தனை நாளா இப்படித்தான் காப்பாத்திட்டிருந்தியா?" என்றான் டெரெக்.

"அந்த இடத்தை நீ அடைச்சுப் படு," என்றார் லோரெய்ன்.

"வலப்பக்கமா? அப்ப அவ திரும்பினா என்னைப் பார்க்கமாட்டாளே."

"மாட்டா. சுவராக் கிட."

டெரெக் நாயைத் தள்ளிவிட்டு நீட்டிப் படுத்தான். பார்லி அவன் காதில் மூக்கை வைத்து இடித்தது, முழங்கையை நக்கியது, கடைசியில் பெருமூச்சு விட்டுச் சூட்டுக்கே திரும்பிப் போனது.

டெல்லா சிணுங்கினாள். முதல்முறையாக இவ்வளவு பக்கத்தில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது போதும்போல இருந்தது. அப்போது இடப்பக்கம் பார்லியின் வால் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

அவள் கண் முதலில் போனது. கண்ணுக்குப் பின்னால் மூக்கு. பாதி வழியில் கழுத்து நின்றது, முகம் சிவந்தது. டெரெக்கின் கை தானாக அவளைத் தூக்க எழுந்தது. லோரெய்ன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தாடை நகர்ந்து, இடத்தோளைத் தொட்டது. நாயைக் கண்டதும் பிள்ளை கீச்சென்று கத்திச் சிரித்தாள்.

"ஹெல்மெட் பேச்சு இப்ப வேண்டாம். தினமும் இதே மாதிரி செய். அடுத்த மாசம் பார்ப்போம்."

மயிர் தேய்ந்த அந்தத் தட்டைப் பின்மண்டை மறுபடி டெரெக்கின் முகத்துக்கு நேரே இருந்தது. குனிந்து அதில் முத்தம் வைத்தான்.

"இப்படியே இரு செல்லம்," என்றான். "என்னைத் திரும்பியே பார்க்காதே."