குமிழுக்குள் அக்கா

"என்ர பேரைப் போடுங்கோ."

பத்திரிகை ஆசிரியர் அருளம்பலம் தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர், குடிக்காமலே மேசையில் வைத்தார். இரத்தினேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்று இதே கதிரையில் இருந்துகொண்டுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்: லீவு கேட்கலாம், ஃபான் கேட்கலாம், என்னோடு சண்டைகூடப் பிடிக்கலாம், பேரை மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது.

"என்ன பிள்ளை, தலையில வெயில் பட்டுட்டுதோ?"

"வெயிலுக்குள்ள பிறந்தனாங்கள் சேர். காதல் கந்தோர் பக்கம் எழுதுறது சல்லி ஊர் இராசையாவின்ர மகள் இரத்தினேஸ்வரி எண்டு இந்தக் கிழமை போடுங்கோ. அந்தக் கருவாட்டு வசனத்தை யோகராசா தரேல்ல, நான்தான் களவெடுத்தனான் எண்டும் போடுங்கோ."

எழுதிக்கொண்டு வந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். நாலே வரிதான். நேற்று முழுக்க எழுதியது.

அந்த வாரப் பத்திரிகையில் காதல் கந்தோர் தற்செயலாகப் பிறந்த சிரிப்புப் பக்கம். அருளம்பலத்தின் தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் கிளாக்கர். துரைமார் கப்பலேறியபோது விட்டுப்போன ஒரு றங்குப் பெட்டி அவர் வீட்டுக்கு வந்தது. பெட்டி நிறைய இங்கிலீசுக் காதல் சித்திரப் புத்தகங்கள். மஞ்சள் முடிக்காரிகள் ரெலிபோனைப் பிடித்தபடி கன்னத்தில் முத்துப் போல ஒரு துளி கண்ணீர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பெட்டைகள் இரண்டு பேர் முகத்தில் புள்ளி விழுந்த ஒரு பெடியனுக்காக சோடாக் கடையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். தொண்ணூற்றி நாலில் ஒரு கிழமை, போட ஏலாத செய்தி ஒன்றைக் கடைசி நேரத்தில் தூக்க வேண்டியதாகி, அரைப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. இரத்தினேஸ்வரி பத்திரிகைக் கந்தோர் மூலையில் கிடந்த அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு பக்கத்தைக் கிழித்தாள். பேச்சுக் குமிழ்களுக்கு மேல் வெள்ளைத் தாளை ஒட்டித் தமிழில் எழுதினாள்.

ரெலிபோன்காரி கேட்டாள்: "அத்தான், பாஸ் இல்லாமல் என்ர மனசுக்குள்ள எப்பிடி வந்தனீங்கள்?" காருக்குள் இருந்தவன் சொன்னான்: "சென்றியில நிண்டவர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துத்தான்."

ஆமியின் பாஸ் இல்லாமல் ஒரு சென்றிக் காவலரணையும் தாண்ட ஏலாத ஊர் சிரித்தது. அரசாங்கக் கச்சேரியில் சிரித்தார்கள், பஸ்ஸில் சிரித்தார்கள். கீழே போட்ட பெயர் 'கந்தோர் மாமா'. மாமா பென்சன் எடுத்த ஆள், கலியாணம் கட்டாதவர் என்றெல்லாம் சனம் தானாகவே முடிவுகட்டிக்கொண்டது. இருபத்தைந்து வயதில் பட்டத்தோடு வேலை கிடைக்காமல் திரிந்த ஒரு பெட்டை என்று யார் நினைப்பார்கள்? வீட்டில்கூடச் சொல்லவில்லை; அவளுக்கு அது பிடித்திருந்தது. காதலென்று உருகுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பஸ் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி மூக்கைச் சுளித்து, "என்னப்பா மணக்குது?" என்று கேட்ட நாளிலிருந்து, மற்றவர்கள் சிரிப்பதற்கு முதல் தான் சிரித்துவிட வேண்டும் என்று பழகியிருந்தாள்.

மூன்று கிழமைக்கு முதல் ஒரு குமிழுக்குச் சொல் வரவில்லை. அக்காவின் சொல்லை எடுத்துப் போட்டாள்.

அக்கா இராசமலர் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அப்பா கடலோடு போன பிறகு, சல்லிக் கரையில் மீன் கீறி, உப்புப் போட்டு, பாயில் காயவைத்துத் தங்கையைப் படிப்பித்தவள். யோகராசாவுக்கும் அவளுக்கும் நாலு வருசத்துப் பழக்கம். அவன் தடுப்புக் காவலில் எட்டு மாதம் கிடந்து வந்தவன். இடையிலிருந்த உப்புவெளிச் சென்றியைத் தாண்டினால் திரும்பவும் பிடிப்பார்கள் என்ற பயத்தில் துறைமுகத்தடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ் வாடியிலேயே வேலையும் படுக்கையும். அதனால் கடிதம். அக்கா சொல்லச் சொல்ல இரத்தினேஸ்வரி எழுதுவாள். அவளே அடுத்த நாள் வேலைக்கு வரும் வழியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பதிலையும் வாங்கி வருவாள்.

ஒருநாள் அக்கா பாயடியில் குந்தியிருந்து, கல்லெறிந்து காகம் கலைத்தபடி சொன்னாள்: "காயப்போட்ட மீனைக் காகம் கொத்தாமல் பார்க்கிற மாதிரி உங்கட பேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறன் எண்டு எழுதடி." சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, "நல்லாயிருக்கோ? இல்லாட்டி விடு," என்றாள். நல்லாகத்தான் இருந்தது. அதுதான் மறக்கவில்லை.

மஞ்சள் முடிக்காரி கண்ணீரோடு அதையே சொன்னாள். அடுத்த கட்டத்தில் கோட்டுப் போட்டவன் முகத்தைத் திருப்பினான்: "அதுதான் இந்த நாத்தமோ?"

அந்தக் கிழமைப் பத்திரிகை சனிக்கிழமையே தீர்ந்தது. அக்கா கூடையோடு பஸ் ஏறும்போது பெடியள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வசனத்தைப் பாட்டுப் போலப் படித்தார்களாம். அவள் தாளை வாங்கி வந்து குசினி வாசலில் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"இது தெரிஞ்சது மூண்டே பேருக்குத்தான். நீ செய்ய மாட்டாய். அப்ப அவர்தான் காட்டிச் சிரிச்சிருக்கிறார்."

அழவில்லை. யோகராசாவின் கடிதங்கள் எல்லாவற்றையும் அடுப்புக்குள் வைத்தாள். தம்பலகாமத்தில் பெண்சாதி செத்த, உழவு மெசின் வைத்திருக்கிற ஒருவரைத் தரகர் முன்பே பேசியிருந்தார். "வரச் சொல்லணை," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நாளை வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற வருகிறார்கள். மாற்றினால் மாற்றினதுதான்.

இரத்தினேஸ்வரி மூன்று தரம் வாய் திறந்தாள். முதல் தரம் அக்கா மீன் தலையைத் தூக்கி அவள் சோற்றுக் கோப்பையில் வைத்து, "படிச்ச தலை, தின்," என்றாள். சொல்ல வந்ததைச் சோற்றோடு விழுங்கினாள். மற்ற இரண்டு தரமும் அவ்வளவு சாட்டுக்கூடத் தேவைப்படவில்லை.

அருளம்பலம் தாளை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரைப் போட்டால் நாளைக்கு ஆர் ஆர் தேடி வருவினமெண்டு தெரியுமோ? பாஸ் பகிடிக்கு ஆமிக்காரர் ஒரு பக்கத்தால வருவாங்கள், இயக்கத்து ஆக்கள் மற்றப் பக்கத்தால. இந்த யோகராசா எண்டவன் ஏற்கெனவே உள்ளுக்க இருந்தவன். அவன்ர பேரையும் அச்சில போடப் போறீரோ?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"அப்ப அவரை விடுங்கோ. என்னைப் போடுங்கோ."

"வீட்டுச் சண்டைக்கு என்ர பேப்பரோ? பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாட்டி அக்காவுக்கு நான் என்ன செய்ய?"

"அக்காவுக்குப் பகிடி தெரியும் சேர். உங்களை விட நல்லாத் தெரியும். அது பகிடி இல்லை, ஊத்தை வேலை. செய்தது நான், சிரிச்சது நீங்கள்."

எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று அடுத்த பக்கத்துக்கு அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஸல்ஹாவுக்குச் சம்பந்தப் பேச்சு முன்பே தெரியும்; கையை நிறுத்தாமல் கேட்டாள்:

"புள்ள, மாப்பிள வீட்டாக்கள் எப்ப வாராங்க?"

"நாளைக்கு."

"பேப்பர் சனிக்கிழமதானே வருது?"

ஸல்ஹா அடுத்த எழுத்தைத் தேடி எடுத்தாள். அருளம்பலம் கோப்பையைத் திரும்பவும் தூக்கினார்.

பேப்பர் சனிக்கிழமை வருகிறதென்று ஸல்ஹா சொல்லியா இரத்தினேஸ்வரிக்குத் தெரிய வேண்டும்? இரண்டு வருசமாகச் சனிக்கிழமைக்குத்தானே எழுதுகிறாள். நேற்று அந்த நாலு வரியைத் திருத்தித் திருத்தி எழுதும்போதும் தெரியும். வெற்றிலை மாற்றி முடிந்த பிறகு, அக்கா எழுத்துக் கூட்டி வாசிக்க, தான் பக்கத்தில் இல்லாமல் இருக்க, மன்னிப்பு அழகாக அச்சில் வர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சத்தமும். இந்த முறையும் வெட்கத்தை அக்காவுக்கே கொடுத்துவிட்டுத் தான் தப்பப் பார்த்திருக்கிறாள்.

மேசையிலிருந்த தாளை எடுத்து நாலாய்க் கிழித்தாள்.

பிறகு அலுமாரியைத் திறந்து, மூன்று கிழமைக்கு முந்தைய ஒட்டுத்தாளை இழுத்தெடுத்தாள். மஞ்சள் முடிக்காரியின் குமிழில் பசை காய்ந்து ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் தூக்கிப் பார்த்தாள். அடியில் இங்கிலீசில், எத்தனை வருசமானாலும் உங்களுக்காகக் காத்திருப்பேன் என்றிருந்தது. மீன் வாசம் இல்லை, காகம் இல்லை. அக்கா சொன்னதில் கால்வாசி அழகும் இல்லை.

"அதை எங்க கொண்டுபோறீர்? அது கந்தோர்ச் சாமான்."

"காட்ட வேணும். சொன்னால் நம்ப மாட்டா."

"ஆர்?"

"நான் செய்ய மாட்டன் எண்டு நினைக்கிற ஒரு ஆள்."

ஐஸ் வாடியில் யோகராசா இன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூன்று கிழமையாக, "அக்காவுக்குக் காய்ச்சல்," என்று அவனுக்குப் பொய் சொல்லிவருகிறாள். அவனிடம் பிறகு. முதலில் பாயடியில் குந்தியிருக்கிற மனிசி. அறைந்தால் வாங்க வேண்டும். அறையாமல் பேசாமல் இருந்தால் அதையும் வாங்க வேண்டும். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் சென்றி தாண்டி வெளிச்சம் இருக்கவே போய்விடலாம்.

தாளைச் சுருட்டாமல், படம் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த கிழமைப் பக்கம்?" அருளம்பலம் எழும்பியே விட்டார். "பிள்ளை, ஆர் எழுதுறது?"

"கந்தோர் மாமாவைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு, இரத்தினேஸ்வரி செருப்பைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினாள்.