செதிலுக்கு அந்த வாடை கிடையாது

"மூக்கை அறுத்துப் போட்டாத்தான் இந்த ஊர்ல குடியிருக்க முடியும் போல!"

ஜம்புலிங்கம் சொன்னது வேலி தாண்டி, கொட்டகை தாண்டி, ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

தமயந்தி தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜம்புலிங்கம் அவள் புருஷன் கஜபதிக்கு அண்ணன், அவளுக்குப் பாவா. கே.ஜி.கண்டிகையில் பாகம் பிரித்தபோது ரோட்டோரத்து நாற்பது சென்ட் தம்பி பக்கம் விழுந்ததை அவர் இன்னும் செரித்தபாடில்லை. அந்த இடத்தில்தான் ஆறு மாதமாக அவள் மீன் செதில் கழுவுகிறாள். திருத்தணி மார்க்கெட்டில் கட்லாவும் ரோகுவும் நறுக்குகிறவர்கள் சாக்கடையில் தள்ளிக்கொண்டிருந்த செதில். அதை வாங்கி வந்து உப்புத் தண்ணீரில் அலசி, வினிகரில் ஊறவைத்து, வலைக்கூண்டுக்குள் காயப்போட்டால் அவல் மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகும். சென்னையில் ஒரு கம்பெனி அதிலிருந்து கொலாஜன் பொடி எடுத்து, மூட்டுவலிக்கு என்று டப்பாவில் அடைக்கிறது. பொன்னேரிப் பக்கம் போய்ப் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்த வேலை இது.

இப்போது கம்பெனி ஒரு காகிதம் கேட்டது. ஊராட்சித் தலைவரும் பக்கத்து நிலத்துக்காரரும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இனி அவளிடம் செதில் எடுக்க மாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஜம்புலிங்கம்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மாறாகத் தலைவரிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து நாளாக நாற்றம் தாங்கவில்லையாம். ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள்தான் இருக்கிறது, காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் கவுச்சியை முகர்ந்துகொண்டா மலை ஏறுவது, கொட்டகையை இழுத்துப் பூட்டு என்று மனு.

நாற்றம் பொய்யில்லை. அதுதான் தமயந்தியைத் தின்றது. மூன்று தடவை தரையைத் தேய்த்துவிட்டாள். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டாள். நாற்றம் அப்படியே நின்றது.

தலைவர் சிவப்பிரகாசம் மூக்கில் துண்டோடு வந்து இறங்கினார். கூடவே வார்டு மெம்பர் வீராசாமி.

"இன்னாம்மா, மனுசன் நிக்கிற எடமா இது?"

"உள்ள வந்து பாருங்க தலைவரே."

"உள்ள வேற வரணுமா? இங்கியே வாந்தி வருது."

தமயந்தி ஒரு கை காய்ந்த செதிலை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். தலைவர் துண்டை ஒரு விரல் அளவு விலக்கினார்.

"ஒண்ணும் வரலியே."

"வராது. பத்து நாளா நாறுறது கொடலு. செதிலுக்கு அந்த வாடை கிடையாது. நான் கொடல் வாங்கறதே இல்ல."

"கேட்டீங்களா தலைவரே?" ஜம்புலிங்கம் வேலியோரம் வந்து நின்றார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் கிருத்திகை மாலை. "கழுவின தண்ணியை எங்கியோ தோண்டி ஊத்தி மூடியிருப்பா."

"தண்ணி பாயற எடம் அதோ தென்னங்கன்னு. வந்து மோந்து பாருங்க பாவா."

"மாலை போட்டுகினு இருக்கறவனை மீன் தண்ணி மோந்து பாக்கச் சொல்றா! தம்பி லாரி ஓட்டப் போயிட்டான், கேக்க ஆளில்லன்னு ஆடறா."

"அவரு இருந்தாலும் நீங்க இதையேதான் பேசுவீங்க. கொஞ்சம் மெதுவா பேசுவீங்க, அவ்ளோதான்."

வீராசாமி சிரிப்பை இருமலாக்கினார்.

தமயந்தி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். காற்று ஜம்புலிங்கத்தின் கரும்புப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து வேலியோரமாகவே நடந்தாள். நடக்க நடக்க நாற்றம் கனத்தது. வேலியில் ஒரு இடம் பிரிந்து கிடந்தது. நுழைந்தாள்.

"ஏய்! என் நெலத்துல காலை வெக்காதே!"

அவர் கத்தி முடிப்பதற்குள் அவர் மனைவி சந்திரா ஓடி வந்து மோட்டார் கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"இங்க இன்னாடி இருக்கு? மோட்டார்தான் இருக்கு."

"மோட்டாருக்கு எதுக்குக்கா இத்தினி ஈ?"

கதவே கறுப்பாயிருந்தது. தலைவர் வந்து காலால் தள்ளினார். உள்ளே ஒரு நீல டிரம். இறுக்கி மூடிய மூடி உப்பிப்போய், ஓரத்தில் நுரை கக்கி வழிந்துகொண்டிருந்தது.

"இது இன்னா ஜம்புலிங்கம்?"

"மீன் அமிலம். மீன் கொடலை வெல்லத்துல ஊறவெச்சி கரும்புக்கு அடிக்கிறது. ஊர்ல யாரு போடல?"

"நானும்தான் போடறேன்," என்றார் வீராசாமி. "பழ வாசனை வரும்யா அது. எடைக்கு எடை வெல்லம் போட்டியா?"

ஜம்புலிங்கம் மூடியில் மொய்த்த ஈயை ஓட்டினார்.

"வெல்லத்தை எங்க போட்டாரு?" சந்திராவுக்குப் பத்து நாள் ஆத்திரம். "ஆலையில கழிவுப் பாகு ஒரு சொம்பு வாங்கியாந்து ஊத்திட்டு, இது போதும்னாரு."

"மாலையைப் போட்டுகினு கொடலை வாரிப் போட்டியா நீ?" என்றார் தலைவர்.

"நான் தொடல. இவதான் போட்டா."

"ஆங், நான்தான் போட்டேன். நாத்தமும் நான்தான்!"

"அட, பயிருக்குப் போடறது வேற!" ஜம்புலிங்கம் குரலை மறுபடி உயர்த்தினார். "தமயந்தி பண்றது யாவாரம்."

தலைவர் மோவாயைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். கிருத்திகை முடியற வரைக்கும் ரெண்டு பேருமே மூடி வெச்சிட்டு…"

"ரெண்டு பேருமா? மனுவுல என் பேரு மட்டுந்தானே இருக்கு?" தமயந்தி இடுப்பிலிருந்து கம்பெனிக் காகிதம் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். "இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லாட்டி அதே மனுவுல என் பேரை அடிச்சிட்டு இவரு பேரை எழுதறேன். ரோட்ல நின்னு, காவடியோட வரவங்க ஒவ்வொருத்தருக்கா படிச்சிக் காட்டறேன். கூட நின்னு பாத்தவங்க பேரும் அதுல வரும் தலைவரே."

தலைவர் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். ஜம்புலிங்கம் மாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"போட்டுத் தொலைய்யா."

"எது மேல வெச்சிப் போடறது?"

"டிரம் மேலயே வெச்சிப் போடுங்க பாவா. மூடி நல்லாத்தான் உப்பிகினு இருக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈ மொய்க்கிற மூடி மேல் காகிதத்தை வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்தது தலைவர். அவர் கையெழுத்து பாதியில் நின்ற மாதிரி இருந்தது. தமயந்தி எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.

மத்தியானம் சந்திரா வேலிக்கு வந்தாள்.

"தமயந்தி, அந்த டிரம்மை இன்னா பண்றது? நீ படிச்சிகினு வந்தவ. கிருத்திகைக்குள்ள நாத்தம் அடங்கணும்."

"வழி இருக்குக்கா."

"சொல்லேன்."

"பாவாவை வந்து கேக்கச் சொல்லுங்க."

"அவரு வருவாரா?"

"வர மாட்டாரு. மோந்துகினு கெடக்கட்டும்."

"உனக்கும்தானடி நாறுது!"

"நாறட்டும்."

வேலி பிரிந்த இடத்தில் கருவேல முள்ளை இழுத்து வைத்து மிதித்து அடைத்தாள். பிறகு போய்த் தொட்டியில் கையை விட்டாள்.